மணல் அச்சில் வெள்ளி மோதிரம்: வீட்டிலேயே வார்க்கும் முறை

வெள்ளியை உருக்குவது பெரிய வித்தை இல்லை. சூடான டார்ச், ஒரு மூசை (உலோகம் உருக்கும் கிண்ணம்), ஒரு சிட்டிகை வெங்காரம் (போராக்ஸ்) இருந்தால் 25 கிராம் வெள்ளி சில நிமிடங்களில் உருகி நிற்கும். வேலை இருப்பது மணலில். அதைவிடவும், நடுவில் மாட்டிக்கொள்ளும் வாயுவில். மணலின் ஈரம் நீராவியாகும். அச்சுக்குள் இருந்த காற்று வெளியேற வழி தேடும். உருகிய வெள்ளியே ஆக்சிஜனைக் குடித்துவிட்டு உறையும்போது கக்கும். இந்த மூன்றுக்கும் வழி விட்டவர்களுக்குப் பொருள் முழுசாக வரும். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு வகையில் இந்த மூன்றைச் சுற்றியே இருக்கிறது.

சுவாமிமலைச் சிற்பிகளின் மெழுகு வார்ப்போடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே மெழுகு உருகிப் போகும், அச்சையும் உடைத்துத்தான் சிலையை எடுப்பார்கள். மணல் வார்ப்பில் மாதிரி, அதாவது மணலில் பதித்து அச்செடுக்கும் உருவம், அப்படியே திரும்பக் கைக்கு வரும். மணலை மறுபடி பிசைந்து அடுத்த அச்சு போடலாம். நாச்சியார்கோவில் குத்துவிளக்குக்குக் காவிரி வண்டலில் அச்சு எடுப்பது இந்த வகைதான். நகைக்கு அதையே சின்ன அளவில், இன்னும் நைசான மணலில் செய்கிறோம்.

இங்கே எடுத்துக்கொள்வது தட்டையான முகப்பு உள்ள ஒரு முத்திரை மோதிரம். வளையம் 2 மி.மீ. தடிமன், 5 மி.மீ. அகலம், முகப்பு 12-க்கு 10 மி.மீ., தடிமன் 4 மி.மீ. முதல் வார்ப்புக்கு இதைவிட மெல்லிய பொருளை எடுக்காதீர்கள். 1 மி.மீ.க்குக் குறைந்த பகுதிகளில் வெள்ளி நிரம்பும் முன்பே உறைந்துவிடும்.

மாதிரி

கெட்டியான செதுக்கு மெழுகு, மரம், பித்தளை, ரெசினில் எடுத்த 3டி பிரின்ட் எதுவும் ஆகும். மெழுகுவத்தி மெழுகு ஆகாது. மணலை இடிக்கும்போது நசுங்கும்.

மாதிரியை மணலிலிருந்து நேராக மேலே தூக்கினால் எங்கும் இடிக்காமல் வர வேண்டும், இதுதான் மணல் வார்ப்பின் முதல் விதி. மோதிரத்தைப் படுக்க வைத்துத்தான் அச்செடுப்போம். அப்போது பாதி அகலம் கீழ் மணலிலும் பாதி மேல் மணலிலும் இருக்கும். விரல் நுழையும் துளைக்குள் மணல் நின்றுகொள்ளும். அந்த மணல் உடையாமல் கழன்று வர, துளையின் உட்புறம் அகலத்தின் நடுவில் குறுகியும் இரண்டு ஓரங்களை நோக்கி லேசாக விரிந்தும் இருக்க வேண்டும். வெளிப்புறம் இதற்கு நேர் எதிர்: நடுவில் பருத்து, ஓரம் நோக்கிச் சரிய வேண்டும். 2, 3 டிகிரி சரிவு போதும், கண்ணுக்கே தெரியாது. விரலுக்கும் இந்த வடிவம் சுகமாக இருக்கும்.

முகப்பில் எழுத்தோ சின்னமோ வேண்டுமென்றால் மாதிரியில் செதுக்காதீர்கள். மோதிரம் படுத்திருக்கும்போது முகப்பு செங்குத்தாக நிற்கிறது. அதில் உள்ள பள்ளங்களில் மணல் கொக்கி போலப் பிடித்து, மாதிரியைத் தூக்கும்போது பிய்ந்து வரும். வார்த்த பிறகு செதுக்குங்கள். வார்ப்பிலேயே சித்திரம் வர வேண்டுமானால் அதற்கு ஏற்றது மோதிரம் அல்ல, ஒரு பக்கம் மட்டும் வேலைப்பாடு உள்ள பதக்கம்.

வெள்ளி உறைந்து ஆறும்போது சுமார் 2 சதவீதம் சுருங்கும். 18 மி.மீ. உள்விட்டத்தில் அது 0.36 மி.மீ.; நம் ஊர் மோதிர அளவில் ஏறக்குறைய ஒரு எண். ஆனாலும் மாதிரியைப் பெரிதாகச் செய்யாமல் சரியான அளவிலேயே செய்வது நல்லது. ஒரு எண் சிறிதாக வந்த மோதிரத்தை உள்ளே அராவியோ மோதிரக் கோலில் மாட்டித் தட்டியோ சரிசெய்யலாம். பெரிதாக வந்துவிட்டால் வெட்டிப் பற்றவைக்க வேண்டும்.

எவ்வளவு வெள்ளி

925 வெள்ளியின் (92.5 சதவீதம் வெள்ளி, மீதி செம்பு) அடர்த்தி மெழுகைப் போலச் சுமார் 10.8 மடங்கு. மெழுகு மாதிரி 1 கிராம் இருந்தால் மோதிரம் 11 கிராம் ஆகும். வேறு பொருளில் செய்த மாதிரி என்றால், தண்ணீருக்குள் அமிழ்த்தி எத்தனை மில்லி தண்ணீர் உயர்கிறது என்று பார்த்து 10.4 ஆல் பெருக்குங்கள். இதோடு ஊற்றுவாய்க்கு (வெள்ளி அச்சுக்குள் இறங்கும் வழி) 7 கிராம், மேலே குமிழாக நிற்க 8 முதல் 10 கிராம். மொத்தம் 28 கிராம் உருக்க வேண்டும். மேலே நிற்கும் அந்தக் குமிழ் வீண் அல்ல. அதன் எடைதான் வெள்ளியைக் கீழே அழுத்தி மூலை முடுக்குகளில் நிரப்புகிறது. மோதிரம் உறைந்து சுருங்கும்போது ஈடுகட்டும் வெள்ளியும் அங்கிருந்துதான் வரும். குமிழில் மிச்சம் பிடிக்க நினைத்தால் மோதிரத்தில் பள்ளம் விழும்.

999 சுத்த வெள்ளியில் வார்க்கலாம், ஆனால் மோதிரம் மெத்தென்று இருக்கும். முகப்பு சீக்கிரம் நசுங்கும். 37 கிராம் சுத்த வெள்ளிக்கு 3 கிராம் செம்பு சேர்த்தால் சரியாக 40 கிராம் 925 கிடைக்கும். முதலில் வெள்ளியை உருக்கி, வார்னிஷ் இல்லாத சுத்தமான செம்புக் கம்பியைச் சின்னத் துண்டுகளாக உள்ளே தள்ளி, கிராஃபைட் கம்பியால் கலக்குங்கள். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி என்று மலைக்க வேண்டாம். உருகிய வெள்ளிக்குள் அது அதற்கு முன்பே கரைந்துவிடும். கலவையை, முன்பே சூடாக்கிய காய்ந்த இரும்பு அச்சில் கட்டியாக ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய கொலுசு, அரைஞாண் எல்லாவற்றையும் உருக்கலாமே என்று தோன்றும். முதல் வேலைக்கு வேண்டாம். தரம் என்ன என்பது தெரியாது. அதைவிடப் பெரிய காரணம், பழைய நகையின் பற்றவைப்பில் காட்மியம் இருக்கலாம். காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிக்கும். வெள்ளி உருகும் முன்பே அதன் புகை வந்துவிடும். அந்தப் புகை நுரையீரலுக்குக் கொடும் நஞ்சு.

மணல்

வெளிநாட்டுத் தயாரிப்பான எண்ணெய் மணல், டெல்ஃப்ட் களிமண் என்ற பெயரில் அலுமினிய வளையங்களோடு விற்கிறது. தண்ணீரே இல்லாததால் நீராவித் தொல்லை கிடையாது, மேற்பரப்பும் நைசாக வரும். வாங்க முடிந்தால் அதுவே சிறந்தது. ஊற்றும்போது எண்ணெய் கருகிப் புகையும், அதனால் திறந்த வெளி வேண்டும்.

வீட்டில் கலப்பதென்றால் ஈர மணல். அளவு இது:

சலித்த நைஸ் மணல் 1 கிலோ
பென்டோனைட் தூள் 100 கிராம்
தண்ணீர் 35 முதல் 45 மில்லி

பென்டோனைட் ஒரு வகைக் களிமண்; எர்த் குழிக்குப் போடும் தூளாக மின்சாமான் கடைகளில் கிடைக்கும். எல்லாம் ஒரே தரமாக இருக்காது. ஒரு சிட்டிகையைத் தண்ணீரில் தூவிப் பாருங்கள். ஊறி உப்பிக் கூழானால் நல்லது, மண் போல அடியில் படிந்தால் வேண்டாம். இந்தத் தூளையே எண்ணெயில் கலந்து எண்ணெய் மணல் செய்துவிடலாம் என்று சிலர் இறங்குவார்கள். சாதாரண பென்டோனைட் எண்ணெயில் ஊறாது, பிடிப்பே இருக்காது. அதற்குத் தனியாகப் பதப்படுத்திய தூள் வேண்டும்.

ஆற்று மணலை நன்றாகக் கழுவிக் காயவைத்து, ஸ்கிரீன் பிரிண்டிங்குக்குப் பயன்படும் 100 மெஷ் வலைத்துணியில் சலியுங்கள். அதில் விழுவது 0.15 மி.மீ.க்கும் குறைவான மணல். கடற்கரை மணல் பார்க்க நைசாக இருந்தாலும் தொடாதீர்கள். அதில் இருக்கும் சிப்பித் தூள், உருகிய வெள்ளியின் சூட்டில் சுண்ணாம்பாகி கரியமில வாயுவை விடும். அந்த வாயு நேராக மோதிரத்துக்குள் குமிழாகப் போய் உட்காரும்.

சலிக்கும்போதும் காய்ந்த மணலைக் கலக்கும்போதும் N95 முகக்கவசம் கட்டாயம். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசு நுரையீரலில் போனால் திரும்பி வராது.

மணலையும் பென்டோனைட்டையும் காய்ந்தபடியே கலந்து, தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பிசிறுங்கள். பதம் புட்டு மாவுப் பதம்தான்: பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். ஒரு பிடி எடுத்து அழுத்தித் திறந்தால் விரல் ரேகை பதிந்திருக்க வேண்டும். அந்தக் கட்டியை இரண்டாக உடைத்தால் ஓரம் உதிராமல் சுத்தமாக முறிய வேண்டும். உள்ளங்கையில் ஈரம் தெரிந்தால் தண்ணீர் அதிகம்; இன்னும் கொஞ்சம் காய்ந்த கலவை சேருங்கள். பிறகு மூடி ஒரு இரவு வையுங்கள். பென்டோனைட் மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். உடனே வேலை செய்தால் காலையில் சரியாக இருந்த மணல் மாலையில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அச்சு எடுத்தல்

7 செ.மீ. விட்டமுள்ள இரும்பு அல்லது அலுமினியக் குழாயில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். கீழ் வளையத்துக்கு 2.5 செ.மீ. உயரம், மேல் வளையத்துக்கு 4 செ.மீ. இரண்டையும் அடுக்கி வெளிப்புறத்தில் ரம்பத்தால் ஒரே நேராகக் கோடு போடுங்கள். திரும்பச் சேர்க்கும்போது இந்தக் கோடுதான் சாட்சி. பிவிசி குழாய் வேண்டாம். ஒரு துளி வெள்ளி தெறித்தாலும் கருகும்.

கீழ் வளையத்தைத் தட்டையான தகட்டின் மேல் வைத்து மணலை நிரப்பி, மரச் சுத்தியலால் இடித்து, இரும்பு ஸ்கேலால் மேல்பரப்பை வழித்து மட்டமாக்குங்கள். மோதிரம் உட்கார வேண்டிய இடத்தில் கத்தியால் கொஞ்சம் மணலைச் சுரண்டிவிட்டு, மாதிரியைப் பாதி அகலம் வரை அழுத்துங்கள். அது சரியாக நடுவில் நிற்க வேண்டும். பருத்த கோடு மணல் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் தூக்கும்போது மணல் உடையும். துளைக்குள் இருக்கும் மணலையும் சுற்றியுள்ள மணலையும் அதே மட்டத்துக்கு விரலால் அழுத்திச் சமன்செய்யுங்கள்.

ஒரு மெல்லிய துணியில் முகப்பவுடரைக் கட்டி, மணல் மேலும் மாதிரி மேலும் தட்டுங்கள். மூடுபனி அளவுக்குப் போதும். மிச்சத்தை ஊதிவிடுங்கள். பவுடர் கட்டியாகக் கிடந்தால் இரண்டு பாதியும் ஒட்டி மூடாது, இடுக்கில் வெள்ளி தகடு போல ஓடும்.

மேல் வளையத்தைக் கோடு பார்த்து வையுங்கள். மாதிரியின் மேல் முதல் அடுக்கு மணலைச் சலித்துத் தூவி விரலால் அழுத்துங்கள். நகையின் மேற்பரப்பு எவ்வளவு நைசாக வரும் என்பதை இந்த ஒரு அடுக்குதான் தீர்மானிக்கிறது. பிறகு மீதி மணலைப் போட்டு ஓரத்திலிருந்து நடு நோக்கி இடியுங்கள். கல் மாதிரி இடிக்க வேண்டியதில்லை. ரொம்பவும் இறுகிய மணலில் வாயு போக வழியில்லை.

மேல் வளையத்தைச் சாய்க்காமல் நேராகத் தூக்குங்கள். மாதிரியைப் பக்கவாட்டில் லேசாகத் தட்டி அசைத்துவிட்டு எடுங்கள். இந்த இடத்தில் அவசரப்பட்டவர்கள்தான் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார்கள்.

இப்போது ஊற்றுவாய். மேல் பாதியில் முகப்பின் குழி இருக்கும் இடத்தில், 4 மி.மீ. துரப்பண முனையைக் கையால் சுழற்றி, குழியிலிருந்து வெளிப்பக்கமாகத் துளையுங்கள். வெளிப்பக்கத்தில் கத்தியால் 15 முதல் 20 மி.மீ. அகலத்துக்குப் புனல் போலச் செதுக்கி, போகப் போகக் குறுகுமாறு விடுங்கள். ஊற்றுவாய் எப்போதும் பொருளின் தடித்த பகுதியில்தான் சேர வேண்டும். மெல்லிய வளையத்தில் சேர்த்தால் வளையம் முதலில் உறைந்து வழி அடைபடும், முகப்புக்கு வெள்ளி போய்ச் சேராது. புனலின் கூர்மையான ஓரங்களை விரலால் தடவி மழுக்குங்கள். இல்லாவிட்டால் பாயும் வெள்ளி அந்த மணலை அடித்துக்கொண்டு உள்ளே போகும்.

முகப்பில் நுழைந்த வெள்ளி இரண்டாகப் பிரிந்து, வளையத்தின் இரு பக்கமும் ஓடி, பின்பக்கத்தில் வந்து சந்திக்கிறது. அதற்குள் பாதிச் சூடு போயிருக்கும். இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் காற்று சிக்கினால் அங்கே ஒரு கோடு அல்லது இடைவெளி விழும். அதனால் முகப்புக்கு நேர் எதிரே, வளையத்தின் பின்பக்கத்திலிருந்து மேலே வெளிவரும்படி 1 மி.மீ. கம்பியால் ஒரு காற்றுத்துளை கட்டாயம் குத்துங்கள். பக்கங்களில் இரண்டு குத்தினால் இன்னும் நல்லது.

இரண்டு பாதியையும் கவிழ்த்துப் பிடித்து உதிர்ந்த மணலை ஊதிவிடுங்கள். ஈர மணல் என்றால் குழியின் மேல் டார்ச் தீயைத் தூரத்தில் பிடித்து ஓரிரு முறை ஓட்டி மேல்தோலை மட்டும் உலர்த்துங்கள். முழுக்கக் காயவிட்டால் உதிரும். பிறகு கோடு பார்த்து மூடுங்கள்.

உருக்கி ஊற்றுதல்

கீழே காய்ந்த மணல் பரப்பிய இரும்புத் தட்டு. அதன் மேல் அச்சு. வெறும் சிமென்ட் தரையில் வெள்ளி சிந்தினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி சிமென்ட்டே வெடித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி, தோல் கையுறை, மூடிய தோல் செருப்பு, பருத்தித் துணி. லுங்கி, துப்பட்டா, பாலியஸ்டர் சட்டை மூன்றும் அன்றைக்கு வேண்டாம்.

புது மூசையைச் சூடாக்கி உள்ளே வெங்காரம் தூவி கண்ணாடிப் பூச்சு போல உருகவிட்டு எடுத்துவையுங்கள். செம்புக்கும் பித்தளைக்கும் வைத்த மூசையை வெள்ளிக்கு எடுக்கக் கூடாது. சமையலறை பியூட்டேன் டார்ச் 28 கிராமுக்குப் போதாது. எல்பிஜி பிரேசிங் டார்ச் வேண்டும்.

925 வெள்ளி சுமார் 802 டிகிரியில் கசிய ஆரம்பித்து 893-ல் முழுதாக உருகும். மணலில் ஊற்ற 960 முதல் 1000 வரை தேவை. கண்ணால் பார்ப்பதென்றால், முதலில் குவிந்து உருண்டையாகும், பிறகு மேற்பரப்பு கண்ணாடி போலாகும், மூசையை அசைத்தால் பாதரசம் போல வழுக்கி ஓடும். அந்த நிலைக்கு மேல் 10, 15 வினாடி தீயைப் பிடியுங்கள். போதும். அதற்கு மேல் காய்ச்சினால் லாபமில்லை. உருகிய வெள்ளி தன் கன அளவைப் போலச் சுமார் 20 மடங்கு ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். உறையும் கணத்தில் எல்லாவற்றையும் வெளியே துப்பும். குமிழின் மேல் காலிபிளவர் மாதிரி வெடித்து நின்றால் அதுதான் காரணம். தீயைச் சீறும் நீலமாக வைக்காமல் கொஞ்சம் மெத்தென்று மஞ்சள் முனையோடு வையுங்கள். ஒரு சிட்டிகை வெங்காரமும் விரல் நகமளவு மரக்கரித் துண்டும் மேலே மிதக்கட்டும். ஊற்றும் முன் கரியை ஒதுக்கிவிடலாம்.

தீயை மூசையின் வாயில் பிடித்தபடியே, புனலுக்கு மிக அருகில் கொண்டுபோய் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். தயங்கித் தயங்கி ஊற்றினால் முதல் பாதி உறைந்த பிறகு இரண்டாம் பாதி வந்து சேரும். காற்றுத்துளையின் வாயில் வெள்ளி எட்டிப் பார்த்தால் நிரம்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

அச்சை 5 நிமிடம் தொடாதீர்கள். சிவப்பு முழுதாகப் போன பிறகு பிரித்து, இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். சிவப்பாக இருக்கும்போதே நனைத்தால் வளையம் விரிசல் விடலாம்.

கழுவி முடித்தல்

கறுப்பாக வரும். பயப்பட வேண்டாம், செம்பு ஆக்சைடுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் வெந்நீர், 10 சதவீதம் சிட்ரிக் அமிலம் அல்லது படிக்காரம். 20 நிமிடத்தில் வெள்ளையாகும். இதில் இரும்பு இடுக்கி விடக்கூடாது. விட்டால் கரைசலில் உள்ள செம்பு வெள்ளி மேல் படிந்து இளஞ்சிவப்பாக்கிவிடும். பிளாஸ்டிக் அல்லது மூங்கில் இடுக்கி போதும்.

ஊற்றுவாயை நகை ரம்பத்தால் அறுத்து, அரம், 220 எமரி தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று போங்கள். அடியில் வெள்ளைத் தாள் விரித்து, அராவும்போது உதிரும் வெள்ளிப் பொடியைச் சேர்த்துவையுங்கள். காந்தத்தை ஓட்டினால் அரத்தின் இரும்புத் துகள் பிரிந்துவிடும். கடைசியில் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்தால் வரும் மெருகுக்கு இணையாக எந்த பாலிஷ் பசையும் இல்லை என்பது எங்கள் கட்சி. வளையத்தின் பக்கங்களில் இருக்கும் மணல் சொரசொரப்பை அப்படியே விட்டு, முகப்பை மட்டும் மெருகேற்றினாலும் அழகுதான்.

தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க

மோதிரத்தில் குழி விழுந்திருந்தால் அதைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். உருண்டையாக, உட்புறம் வழவழப்பாக இருந்தால் அது வாயு: ஈரம் அதிகம், அல்லது வெள்ளியை அதிகம் காய்ச்சியிருக்கிறீர்கள். ஒழுங்கில்லாமல், உட்புறம் சொரசொரப்பாக, ஊற்றுவாய் சேரும் இடத்துக்கு அருகில் இருந்தால் அது சுருக்கம். ஊற்றுவாய் மெல்லியது, அல்லது குமிழ் சிறியது. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்தறியாமல் மணலை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பத்து முறை வார்த்தாலும் தீராது.

பாதி மோதிரம் வந்து, முனை மழுங்கி உருண்டிருந்தால் சூடு போதவில்லை. சூடு சரியாக இருந்தும் நிரம்பாமல் நின்றால் வெள்ளி போதவில்லை அல்லது காற்று தடுத்திருக்கிறது. இரண்டு பாதியும் படி போல விலகியிருந்தால் கோடு பார்த்து மூடவில்லை. வளையத்தில் குறுக்கு விரிசல் என்றால் துளைக்குள் இருந்த மணலை அளவுக்கு மீறி இடித்திருப்பீர்கள். வெள்ளி சுருங்கப் பார்க்கிறது, மணல் விட்டுக்கொடுக்கவில்லை. அரம் ஓட்டும்போது கிறீச்சென்று சத்தம் வந்தால் உள்ளே மணல் துகள் புதைந்திருக்கிறது; ஊசி முனையால் நோண்டி எடுத்துவிட்டு மேலே போங்கள், இல்லாவிட்டால் அரம் பாழாகும். தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத் திட்டு மாறாமல் நின்றால் அது செம்பு உள்ளே கருகிய கறை, 400 எமரி தாளுக்குத் திரும்பிப் போய்த்தான் எடுக்க வேண்டும்.

தவறிய வார்ப்பையும் குமிழையும் கழுவி மறுபடி உருக்கலாம், ஆனால் பாதியாவது புது வெள்ளி சேருங்கள். மணலில் வெள்ளி தொட்டுக் கருகிய 3 முதல் 5 மி.மீ. அடுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு, மீதியை உதிர்த்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். அடுத்த வார்ப்புக்கு முந்தின இரவு திறந்து ஒரு பிடி பிடித்துப் பாருங்கள். உடைத்தால் உதிர்கிறது என்றால் 5 மில்லி தண்ணீர் தெளித்துப் பிசிறி மூடிவைத்தால் காலையில் பதமாக இருக்கும்.